நாய்க்கும் ஒரு முன்பதிவு

பொங்கலும் தீபாவளியும் நெருங்குவதை அறியக் கூடுவாஞ்சேரிவாசிகளாகிய நமக்குப் பஞ்சாங்கம் தேவையில்லை. ஜி.எஸ்.டி. சாலையை எட்டிப் பார்த்தாலே போதும். சென்னைப் பட்டணம் முழுவதும் மூட்டை கட்டிக்கொண்டு தெற்கு நோக்கிப் புறப்பட்டுவிட்டதோ என்று தோன்றும். 2023-ஆம் வருஷக் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கப்பட்ட பிறகு, இந்தக் காட்சி ஏறக்குறைய நமது வாசலுக்கே வந்துவிட்டது.

பிரயாணத்துக்கு நம்மவர்கள் செய்யும் முன்னேற்பாடுகளில் குறை சொல்வதற்கில்லை. ரயிலுக்கு 60 நாள் முன்னதாகவே டிக்கெட் பதிவு தொடங்குகிறது. அன்று காலை 8 மணி அடிப்பதற்குள் குடும்பத் தலைவர் செல்பேசியும் கையுமாக உட்கார்ந்துவிடுகிறார். பட்சணம், புடவை, பாட்டிக்கு மருந்து எல்லாவற்றுக்கும் ஜாபிதா உண்டு. அந்த ஜாபிதாவில் இடம் பெறாத ஜீவன் ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு பெட்டிகளை முகர்ந்து பார்க்கிறது. "நாயை என்ன செய்வது?" என்ற கேள்வி, புறப்படுகிற நாள் மாலையில்தான் பிறக்கிறது.

அவசரத்தில் பிறந்த கேள்விக்கு விடையும் அவசரமாகவே கிடைக்கும். கொல்லையில் சங்கிலியால் கட்டி, ஒரு குண்டான் சோறும் ஒரு வாளித் தண்ணீரும் வைத்துவிட்டுப் போகிறார்கள் சிலர். "தெருவில் நாலு பேர் சோறு போடாமலா இருப்பார்கள்?" என்று வாசற் கதவைத் திறந்துவிடுகிறார்கள் வேறு சிலர்.

இது பாவம் மட்டுமல்ல. சட்டப்படி குற்றமும் ஆகும். பசியாலும் தாகத்தாலும் வாடும் நிலையில் ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதை 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம் குற்றம் என்கிறது. அந்தச் சட்டம் பிறப்பதற்கு முன்னின்று உழைத்தவர் நமது திருவான்மியூர்க் கலாக்ஷேத்திரத்தின் ருக்மிணி தேவி அருண்டேல். ராஜ்ய சபையில் அவர் கொண்டுவந்த மசோதாவே அதற்கு வித்து. 1962-ல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே. ஆனால் முதல் முறை குற்றம் செய்தவருக்கு அந்தச் சட்டம் விதித்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான்! ஒரு பட்டாசுப் பெட்டியின் விலைகூட ஆகாது. ஆகையால் இந்த விஷயத்தில் சர்க்காரை நம்புவதைவிட மனச்சாட்சியை நம்புவதே மேல்.

கூடவே அழைத்துச் செல்லலாமே என்பீர்கள். சொந்த மோட்டார் உள்ளவர்களுக்கு அது சாத்தியம். ரயிலிலோ, குளிர்சாதன முதல் வகுப்பில் ஓர் அறை முழுவதையும் நாமே எடுத்துக்கொண்டால்தான் நாய் நம்மோடு வரலாம். இல்லையேல் கார்டு வண்டியில் உள்ள நாய்ப் பெட்டிதான் கதி. இரவு முழுவதும் இருட்டிலும் இரைச்சலிலும் அடைபட்டுக் கிடக்கும் பிராணிக்கு அது உல்லாசப் பிரயாணம் ஆகாது.

பெரும்பாலான நாய்களுக்குத் தன் வீடே உத்தமமான இடம். தெரிந்த மனிதர் ஒருவர் அங்கேயே தங்குவது சிலாக்கியம். அது முடியாவிட்டால் காலையும் மாலையும் தவறாமல் வந்து கவனிக்க வேண்டும். இங்கே நமது வாத்தியார் தொழிலில் கண்ட உண்மை ஒன்றைச் சொல்லலாம். பள்ளி திறக்கும் முன்பே இரண்டொரு தடவை அழைத்துவந்து வகுப்பைக் காட்டிய குழந்தை, முதல் நாள் அவ்வளவாக அழுவதில்லை. திடீரென்று கொண்டுவந்து விட்ட குழந்தைதான் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு கதறுகிறது. நாயும் அப்படித்தான். "திங்கட்கிழமை வந்துவிடுவோம்" என்பது அதற்குத் தெரியாது. நாம் போய்விட்டோம் என்பது மட்டுமே தெரியும். ஆகவே வரப்போகிறவர் ஒரு மாதம் முன்பிருந்தே அவ்வப்போது வந்து, தம் கையாலேயே சோறு வைத்துப் பழக்க வேண்டும். நாம் ஒருநாள் வெளியே தங்கி ஒத்திகையும் பார்க்க வேண்டும். இந்த வேலைக்கு உரிய கூலி கொடுப்பதும் முறை. ஊரிலிருந்து கால் கிலோ அல்வா வாங்கி வந்தால் கணக்குத் தீர்ந்தது என்று எண்ணலாகாது.

விடுதியில் விடுவதானால் முன்கூட்டியே நேரில் போய்ப் பார்ப்பது அவசியம். தரை ஈரமில்லாமல் இருக்கிறதா, இரவில் ஆள் தங்குகிறாரா, மற்ற நாய்களுக்குத் தடுப்பூசி போட்ட அத்தாட்சி கேட்கிறார்களா என்று கவனியுங்கள். நம்மிடம் அத்தாட்சி கேட்காத விடுதி, பிறரிடமும் கேட்டிராது. அங்கே 'பார்வோ' போன்ற தொத்து வியாதிகள் சுலபமாகப் பரவும். உண்ணியும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏறும்.

எந்த வழியானாலும், பிறர் கையில் ஒப்படைக்கும் முன் வெறிநோய்த் தடுப்பூசி காலத்தில் போடப்பட்டிருக்க வேண்டும். பழகாத கையை நாய் கடிப்பது இயல்பு. அந்த நோய் முற்றி வெளிப்பட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. வழக்கமான ஆகாரத்தை மாற்ற வேண்டாம். திடீர் மாறுதல் வயிற்றைக் கெடுக்கும். 1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை வைத்தியக் கல்லூரி நமக்குச் சுமார் 40 கிலோமீட்டர் தூரம். ஆகவே உள்ளூர்க் கால்நடை வைத்தியரின் விலாசத்தையும், அவசரமானால் சிகிச்சை செய்யலாம் என்று நாம் கையெழுத்திட்ட கடிதத்தையும், செலவுக்குப் பணத்தையும் கொடுத்துச் செல்வது புத்திசாலித்தனம்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். தீபாவளி நமக்கு வடகிழக்குப் பருவமழையோடுதான் வருகிறது. நம்முடையதோ ஏரிக்கரை ஊர். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் பக்கத்து முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் எப்படிப் புகுந்தது என்பதை நாம் மறக்கவில்லை. தண்ணீர் ஏறும்போது மனிதன் மாடிக்கு ஓடலாம். அவிழ்த்த நாய் மேட்டைத் தேடும். கட்டிய நாய்க்குச் சங்கிலியின் நீளமே உலகம். வெடிச் சத்தத்துக்கு மிரண்டு திமிறும் நாயின் கழுத்தையும் அந்தச் சங்கிலிதான் இறுக்கும். வீடு பூட்டியிருக்கையில் நாயைக் கட்டிப் போடவே கூடாது.

நாயை விட்டுவிட்டு ரதத்தில் ஏற மாட்டேன் என்று தர்மபுத்திரர் சுவர்க்கத்தையே மறுத்ததாகப் பாரதம் கூறுகிறது. நாமோ மதுரைக்கும் மாமியார் வீட்டுக்கும் போகிறவர்கள். அவ்வளவு பெரிய தியாகத்தை நம்மிடம் யாரும் கேட்கவில்லை. டிக்கெட் பதிவு செய்கிற அன்றே பக்கத்து வீட்டுக் கதவையும் ஒரு தடவை தட்டினால் போதும்.