இரவல் மயிர்க்கால்: இயலுமா, தகுமா?

கிழக்கேகோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்குள் நுழைவோருக்குச் சவுரிமுடி புதிய பொருளன்று. ஒருவர் முடி மற்றொருவர் கொண்டையில் சேர்வதில் எவருக்கும் தயக்கமில்லை. வெட்டிய முடி உயிரற்றது. கொடுத்தவருக்கு மீண்டும் வளரும். அதையே வேரோடு பெயர்த்து இன்னொருவர் தலையில் நடலாமா என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

இன்றைய முடிமாற்று சிகிச்சையில் ஒருவரின் பின்னந்தலை மயிர்க்கால்களே அவரது முன்னந்தலையில் நடப்படுகின்றன. பிறருடைய மயிர்க்கால் உயிருள்ள அயல் திசு. உடலின் எதிர்ப்பாற்றல் அதை அழித்துவிடும். ஒரே கருவில் உருவான இரட்டையரே இதற்கு விலக்கு. 1999இல் காலின் ஜகோடா குழுவினர் ‘நேச்சர்’ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டனர். ஓர் ஆணின் மயிர்க்கால் உறையிலிருந்து எடுத்த திசுவைப் பெண்ணொருவரின் முன்கையில் பதித்தபோது, நிராகரிப்பின்றி முடி முளைத்தது. எனினும், அது இன்றுவரை வழக்கமான சிகிச்சையாக வளரவில்லை.

எஞ்சியிருப்பது எதிர்ப்பாற்றலை மருந்தால் அடக்கும் வழி. அம்மருந்துகளை வாழ்நாள் முழுதும் உட்கொண்டால் தொற்று, சிறுநீரகப் பாதிப்பு, புற்றுநோய் ஆகியவற்றின் அபாயம் கூடும். 2015இல் கொச்சி அமிர்தா மருத்துவமனையில் இரு கைகளையும் இழந்தவருக்குக் கொடையாளரின் கைகள் பொருத்தப்பட்டன. அங்கே அபாயத்துக்கு ஈடாகக் கைகளின் இயக்கம் கிடைத்தது. அதே ஆண்டு ஹூஸ்டனில் ஒருவருக்கு மண்டையோட்டின் ஒரு பகுதியும் தலைத்தோலும் பொருத்தப்பட்டன. அவர் முந்தைய உறுப்புமாற்றுக்காக ஏற்கெனவே அம்மருந்துகளை உட்கொண்டு வந்தவர். வழுக்கையை மறைப்பதற்காக மட்டும் நலமான ஒருவரை அந்நிலைக்குத் தள்ளுவது மருத்துவ அறமாகாது.

கொடுப்பவர் பக்கமும் உண்டு. திருப்பதியில் காணிக்கை முடி ஏலம் போகிறதே, மயிர்க்காலை விற்றால் என்ன என்று வாதிடலாம். பெயர்த்த மயிர்க்கால் கொடுத்தவர் தலையில் மீண்டும் முளைப்பதில்லை என்பதே விடை. 1994ஆம் ஆண்டின் உறுப்புமாற்றுச் சட்டம், 2011 திருத்தத்தின்வழி திசுக்களையும் உள்ளடக்கி, அவற்றின் வணிகத்தைத் தடுக்கிறது. உயிருள்ள மயிர்க்காலையும் திசுவாகவே கொள்வது தகும். இல்லையேல் வறியவர் தலை வசதியுள்ளவருக்கு நாற்றங்காலாகிவிடும்.

நாளை சில உயிரணுக்களை மட்டும் பெற்று ஆய்வகத்தில் பெருக்கும் முறை கைகூடினால், கொடுப்பவரின் இழப்பு பெரிதும் குறையும். அப்போதும் அவருடைய ஒப்புதலும், அதிலிருந்து ஈட்டப்படும் இலாபம் யாருக்கு என்பதும் கேள்விகளாகவே நிற்கும். அவற்றுக்கான விதிகளை அறிவியல் அந்த இடத்தை எட்டும் முன்பே வகுப்பது நல்லது. சந்தை உருவான பின் எழுதப்படும் விதிகள் பெரும்பாலும் சந்தைக்கே வளைந்து கொடுக்கின்றன.