எத்தனை பேர் உட்கார, எத்தனை பேர் ஆட?

பாலக்காடு நூரணி மைதானத்தில் 2020 ஜனவரி 19 அன்று நடந்ததை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாலக்காட்டுக்காரரான கால்பந்து வீரர் தனராஜன் கல்கத்தாவின் பெரிய கிளப்புகளில் ஆடியவர். அவர் அதற்கு மூன்று வாரம் முன்பு பெரிந்தல்மண்ணையில் ஒரு செவன்ஸ் ஆட்டத்தின்போது களத்திலேயே நெஞ்சுவலி வந்து இறந்தார். அவருடைய குடும்பத்துக்கு நிதி திரட்ட ஒரு காட்சி ஆட்டம் ஏற்பாடாயிற்று. ஐ.எம். விஜயனும் பாய்ச்சுங் பூட்டியாவும் வந்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே தற்காலிகமாகக் கட்டிய கேலரி சரிந்தது. ஐம்பது பேரளவில் காயமடைந்தார்கள். இறந்த தொழிலாளி வீட்டுக்கு உதவ வந்தவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்!

அடுத்து 2022 மார்ச்சில் மலப்புறம் மாவட்டம் காளிகாவு அருகே பூங்கோட்டில் இதே கதை. கம்பும் பலகையும் வைத்துக் கட்டிய கேலரி, தாங்கக்கூடியதற்கு மேல் ஏறிய கூட்டம், பிறகு ஓலம்.

இதை இப்போது ஏன் எழுதுகிறோம்? குமுளி, வண்டிப்பெரியாறு, ஏலப்பாறை பக்கங்களில் நம் பிள்ளைகளுக்கு ஒரு கால்பந்து ஸ்டேடியம் வேண்டும் என்ற பேச்சு எங்கு நான்கு பேர் கூடினாலும் எழுகிறது. நியாயமான கோரிக்கை. மூணாறில் ஃபின்லே ஷீல்டுக்காகத் தோட்டத்துக்குத் தோட்டம் மோதிக்கொள்ளும் நாட்களில், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு ஓடிவந்து கைதட்டும் தாய்மார்களை நாம் பார்த்திருக்கிறோம். நம் ஜனங்களுக்குப் பந்து புதிதல்ல. பந்தை உருட்டச் சமதரைதான் இல்லை. ஆகவே ஸ்டேடியம் வேண்டுமா என்று இங்கே வாதாடப் போவதில்லை. எந்த அளவில், எப்படிப்பட்டது, யார் கேட்டு யார் வரைவது என்பதே கேள்வி.

“இருபதாயிரம் பேர் உட்காரும் ஸ்டேடியம்” என்று மேடையில் சொன்னால் கைதட்டல் விழும். எர்ணாகுளம் கலூர் ஜவகர்லால் நேரு ஸ்டேடியத்தை நினைத்துப் பாருங்கள். 1996-இல் திறந்தார்கள். கால்பந்துக்கும் கிரிக்கெட்டுக்கும் சேர்த்துக் கட்டிய பெருங்கட்டடம். அறுபதாயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்து ஐ.எஸ்.எல். ஆட்டம் பார்த்திருக்கிறார்கள். 2017-இல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை வந்தபோது, பாதுகாப்புக் காரணத்தால் ஏறத்தாழ 29,000 பேரோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. கேலரிக்கு அடியில் கடைகளை வாடகைக்கு விட்டிருந்தார்கள்; போட்டிக்காக அவற்றைக் காலி செய்யச் சொன்னபோது வியாபாரிகள் ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். கட்டும்போது கணக்கிட்ட எண்ணிக்கை வேறு, நெருப்பு என்று ஒரு குரல் எழுந்தால் உயிரோடு வெளியேறக்கூடிய எண்ணிக்கை வேறு என்பது உலகக் கோப்பை வந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. அதே ஸ்டேடியத்தில் 2024 டிசம்பர் 29 அன்று, கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு நடன விழாவில், கேலரிமேல் போட்டிருந்த மேடையிலிருந்து எம்.எல்.ஏ. உமா தாமஸ் கீழே விழுந்து படுகாயமடைந்தார். முக்கிய விருந்தினருக்கே உறுதியான ஒரு கைப்பிடி இல்லாத இடத்தில் டிக்கெட் வாங்கி வரும் தொழிலாளியின் பாதுகாப்பைப் பற்றி யார் கவலைப்பட்டிருப்பார்கள்?

கவுண்டரில் டிக்கெட் கிழித்துப் பழகிய நமக்குக் கூட்டம் என்றால் என்னவென்று கொஞ்சம் தெரியும். ரயில் பாதையே இல்லாத மாவட்டத்தாருக்கு ரயில் கதையா என்று கேட்காதீர்கள். 2017 செப்டம்பர் 29 அன்று பம்பாய் எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்தின் நடைபாலத்தில் 23 பேர் நசுங்கி இறந்தார்கள். பாலம் உடையவில்லை, இடிந்து விழவில்லை. மழைக்கு ஒதுங்கி நின்றவர்களும் ரயில் விட்டு இறங்கியவர்களும் ஒரே குறுகிய படிக்கட்டில் சேர்ந்தார்கள், அவ்வளவுதான். 1980 ஆகஸ்டு 16 அன்று கல்கத்தா ஈடன் தோட்டத்தில் மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தில் 16 ரசிகர்கள் இறந்ததும், இந்தோனேசியாவின் கஞ்சுருகான் ஸ்டேடியத்தில் 2022 அக்டோபரில் போலீஸ் கண்ணீர்ப்புகை வீச, வாசலில் முட்டிமோதி 135 பேர் மாண்டதும், 2025 ஜூனில் பெங்களூர் சின்னசாமி ஸ்டேடியத்தின் வாசல்களில் 11 பேர் மிதிபட்டதும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன. ஸ்டேடியத்தின் அளவை நாற்காலியை எண்ணிச் சொல்லக்கூடாது, வாசலை அளந்து சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தில் இதற்கென்று ஒரு வழிகாட்டிக் கணக்கே வைத்திருக்கிறார்கள். சமதரையில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு 82 பேர் வெளியேறலாம். படிக்கட்டானால் 66 பேர். ஆபத்தில் எட்டு நிமிடத்துக்குள் இடம் காலியாக வேண்டும். இதை நம் ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம். மைதானத்தின் இரு பக்கமும் நூறு மீட்டர் நீளத்துக்கு ஐந்து படி வரிசை. ஆளுக்கு அரை மீட்டர் என்றால் பக்கத்துக்கு ஆயிரம், மொத்தம் இரண்டாயிரம் பேர். நம் பகுதிக்கு இது போதும். வழக்கம்போல நாலடி அகலத்தில் ஒரு கேட் வைத்தால் அந்த இரண்டாயிரம் பேரும் வெளியேற இருபது நிமிடம் பிடிக்கும். மூன்று மீட்டருக்குக் குறையாமல் எதிரெதிர்த் திசையில் இரண்டு கேட் வைத்தால், ஒன்று அடைபட்டாலும் மற்றதன் வழியாக எட்டு நிமிடத்தில் ஏறத்தாழ அனைவரும் வெளியே வந்துவிடலாம். இதற்கு ஆகும் அதிகச் செலவு இரும்புக் கதவு ஒன்று. ஆட்டம் முடியும் வரை இரண்டு கேட்டிலும் பூட்டுத் தொங்கக் கூடாது என்பதற்கோ செலவே கிடையாது.

நிலக் கணக்குக்கு வருவோம். சர்வதேச ஆட்டத்துக்குச் சிபாரிசு செய்யப்படும் களம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். சுமார் 176 செண்ட். சுற்றி ஓட இடமும் வடிகாலும் ஐந்து படிக் கேலரியும் சேர்த்தால் இரண்டரை ஏக்கர் ஆகும். “அப்படியே 400 மீட்டர் ஓடுதளமும் போட்டுவிடுவோம்” என்று யாராவது சொன்னால், நான்கு ஏக்கருக்கு மேல் சமதரை வேண்டும் என்பதை அவருக்கு நினைவூட்டுங்கள். மலைச்சரிவில் அந்த அகலத்துக்கு மண்ணை வெட்டினால் மேல்பக்கம் ஒரு செங்குத்துச் சுவர், கீழ்ப்பக்கம் ஒரு மண்மேடு. ஆனிமாதத்து மழை இரண்டையும் சும்மா விடாது. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் எழுபது உயிர்களை மண்ணுக்குக் கொடுத்த ஜனங்கள் நாம். சரிவின்மேல் எதைக் கட்டினாலும் தண்ணீர் எங்கே போகும் என்பதைத்தான் முதலில் கேட்போம். நெடுங்கண்டத்தில் ஓடுதளத்தோடு ஸ்டேடியம் இருக்கிறது. ஓட்டக்காரர்கள் அங்கே போகட்டும். ஓடுதளம் வந்தால் கேலரி களத்தைவிட்டு விலகிப்போய்ப் பந்தே கண்ணுக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

மலை நமக்கு ஒரு வசதியும் செய்கிறது. களத்தை வடக்கு தெற்காகக் கிடத்தினால் சாயங்கால வெயில் கோல்கீப்பரின் கண்ணில் அடிக்காது. மேட்டுப்பக்கம் இயற்கையான சரிவு இருந்தால் அதிலேயே கல்லடுக்கிப் படி அமைக்கலாம். கான்கிரீட் தூண் வேண்டாம், ஒப்பந்தக்காரரின் கம்பிக் கணக்கும் வேண்டாம். களத்தின் நடுவைச் சற்றே உயர்த்தி இருபுறமும் சரித்து, அடியில் ஜல்லி பரப்பி, ஓரத்தில் ஓடை வெட்ட வேண்டும். பணம் முதலில் மண்ணுக்கடியில் போகட்டும். கண்ணுக்குத் தெரியும் அலங்கார வளைவு கடைசியில் வரட்டும், வராமலும் போகட்டும்.

செயற்கைப் புல் போடலாமென்று சிலர் சொல்கிறார்கள். மழைக்கு நல்லதுதான். ஆனால் பத்து வருஷத்தில் தேயும்; புதுப்பிக்கப் பணமில்லாத பஞ்சாயத்து அதை வாடகைக்கு விடும். இப்போதே தனியார் டர்ஃபுகளில் ஒரு மணி நேரம் ஆட, லயத்து வீட்டின் ஒரு நாள் கூலி போதாது. அப்படியொரு இடம் வேலிக்கு வெளியே நின்று பார்க்கத்தான் நம் பிள்ளைகளுக்கு உதவும்.

கேரள அரசின் “ஒரு பஞ்சாயத்து, ஒரு விளையாட்டுக்களம்” திட்டத்தில் களத்துக்கு ஒரு கோடி ரூபாய் என்று கணக்கு. பாதியை விளையாட்டுத்துறை தரும், மீதியை எம்.எல்.ஏ. நிதி, உள்ளாட்சி நிதி போன்றவற்றிலிருந்து சேர்க்க வேண்டும். இதற்குள் இருபதாயிரம் பேர் ஸ்டேடியம் வராது. நாம் சொல்லும் களம் வரும். அதோடு பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் வர வேண்டும். இது பிற்சேர்க்கை அல்ல, வரைபடத்தின் முதல் கோடு. தோட்டத்தில் கொழுந்து பறிப்பதும் ஏலக்காட்டுக்கு விடியலில் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஜீப்பில் வருவதும் பெரும்பாலும் பெண்கள். 2015-இல் மூணாறு வீதியில் உட்கார்ந்து போனஸ் வாங்கிக் காட்டியவர்களும் அவர்களே. அவர்களுடைய மகள் பூட்ஸ் மாட்ட ஒரு சுவர் மறைப்பு இல்லையென்றால் அந்த ஸ்டேடியம் பாதி ஜனங்களுக்கு மூடிக்கிடக்கிறதென்று பொருள்.

இடம் எங்கே என்பதுதான் சிக்கலான பகுதி. குமுளியின் ஒரு பக்கம் பெரியாறு புலிகள் காப்பகம். அங்கே காட்டோரத்தில் ராத்திரி விளக்குக் கம்பம் நடுவது சரியாகாது, பகல் ஆட்டமே போதும். மறுபக்கம் தோட்ட நிலம். 1963-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் தோட்டம் என்ற பெயரால் உச்சவரம்பிலிருந்து விலக்குப் பெற்ற பூமி அது; வேறு உபயோகத்துக்கு மாற்றினால் அந்த விலக்கு போய்விடும். மைதானத்தின் பெயரைச் சொல்லி நிலத்தை மாற்றி, பிறகு அதன் ஓரத்தில் ரிசார்ட் முளைக்கும் தந்திரத்துக்கு நாம் துணைபோக முடியாது. பழைய தோட்டத்துக் கிரவுண்டுகள் பல புதர் மண்டிக் கிடக்கின்றன. அவற்றைப் பஞ்சாயத்து பொது உபயோகத்துக்கு எழுதி வாங்க வேண்டும். லயங்களிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருப்பவை அவைதான். பஸ் ஏறிப் போக வேண்டிய ஸ்டேடியத்துக்குப் பள்ளி விட்டு வரும் பிள்ளை தினமும் எப்படிப் போகும்?

இன்னொன்று. திட்ட அறிக்கையும் வரைபடமும் மலையாளத்திலோ இங்கிலீஷிலோ மட்டும் இருந்தால் நம் வீட்டில் எத்தனை பேர் படிப்பார்கள்? தமிழ்ச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. அந்த உரிமையை நாம் உபயோகிக்காமல் வைத்திருந்தே துருப்பிடிக்க விட்டோம். வார்டு கிராமசபை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்பதும் சட்டம்தான். கூலி போகுமே என்று நாம் போகாத கூட்டத்தில்தான் தீர்மானங்கள் கைதூக்கப்படுகின்றன.

அடுத்த கிராமசபைக்கு ஒவ்வொரு லயத்திலிருந்தும் இரண்டு பேராவது, அதில் ஒருவர் பெண்ணாக, போய் உட்கார வேண்டும். இரண்டரை ஏக்கர் களம், மூன்று மீட்டரில் இரண்டு கேட், வடிகால், பெண்களுக்கு அறை, பள்ளி நேரத்துக்குப் பின் தொழிலாளர் பிள்ளைகளுக்கு வாடகையில்லா ஆட்டம் – இவற்றைத் தமிழில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது கேளுங்கள். மனுவின் நகல் சங்க அலுவலகத்தில் கிடைக்கும். நம் பகுதியில் கிடக்கும் பழைய கிரவுண்டுகளை அளந்து வர, டேப் பிடிக்கத் தெரிந்த இளைஞர்கள் கிளைச் செயலாளர்களிடம் பெயர் கொடுக்கலாம். மழை பிடிப்பதற்குள் அளந்து முடிக்க வேண்டும்.