பாட்டியின் கொக்கி ஊசி

குளிர் நாடுகளில் கிராமத்து விடுதியில் தங்கி, வார இறுதி முழுக்க ஆட்டு ரோமத்தை நூலாக நூற்று, ஸ்வெட்டர் பின்னக் கற்கிறார்கள். நெகிரி செம்பிலான் வெயிலுக்குக் கம்பளி ஆகாது; பருத்தி நூல் போதும். ஸ்வெட்டருக்கு இரண்டு ஊசி வேண்டும்; குரோஷாவுக்கு ஒரு கொக்கி ஊசிதான். தோட்டத்து லயங்களில் வானொலிப் பெட்டிமேல் கிடந்த பூவிரிப்புகளைப் பாட்டிமார் பலர் அப்படித்தான் பின்னினார்கள்.

பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயத்தை விட்டுத் தாமானுக்கு வந்தோம். அந்தக் கைவேலை இன்னும் அவர்கள் விரல்களில்தான் இருக்கிறது. அவர்கள் கண்பார்வை மங்குவதற்குள் கற்றுக்கொள்ள வேண்டும்.

அடுத்த விடுமுறைக்குப் போர்ட்டிக்சனில் அறை எடுத்தால், பாட்டியையும் அழைத்துப் போங்கள். நூல்கண்டும் ஊசியும் பையில் இருக்கட்டும். சங்கிலிப் பின்னலில் தொடங்கி, பிள்ளைகள் ஆளுக்கொரு பூவாவது முடிக்கட்டும்.