நலம் அறிவோம்: தொய்வும் இரண்டு பம்புகளும்



புத்தூரின் செம்மண் தோட்டங்களில் வெங்காயம் கிண்டிப் பிடி கட்டும்போது சிலருக்குத் தும்மல் வரும். இரவில் நெஞ்சு இழுக்கும். பக்கத்தில் நின்று அதே வேலை செய்பவருக்கு ஒன்றும் நடக்காது. ஏன் இந்த வேறுபாடு?

வெங்காயச் சருகின் பூஞ்சணம், தலையணையில் வாழும் தூசு உண்ணி, கரப்பான் எச்சம் போன்றவற்றைச் சிலரது உடல் பகையாகக் கருதி, ‘ஐ.ஜீ.ஈ.’ என்னும் பிறபொருளெதிரியை உண்டாக்குகிறது. இதனை 1966இல் கண்டறிந்தவர்கள் ஜப்பானிய விஞ்ஞானிகளான கிமிஷிகே, தெருக்கோ இஷிசாக்கா தம்பதியர். அதே தூசு மறுபடி உள்ளே போனதும் சில நிமிடங்களில் மூச்சுக்குழாய் சுருங்குகிறது. சில மணித்தியாலங்களின் பின் ‘இயோசினோபில்’ என்னும் வெண்குழியங்கள் வந்து குவிந்து, குழாயின் உட்சுவரை வீங்கச் செய்கின்றன.

இரத்தப் பரிசோதனைத் துண்டில் இந்த இயோசினோபில் அளவைக் காணலாம். அது கூடியிருந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். வயிற்றுப் புழுவாலும் கூடும். எது என்பதை வைத்தியரே சொல்லவேண்டும்.

நீல நிறப் பம்ப் (சல்பியூற்றமோல்) சுருங்கிய குழாயை விரிக்கும், வீக்கத்தைத் தணிக்காது. வீக்கத்தைத் தணிப்பது பெரும்பாலும் மண்ணிறத்தில் வரும் பெக்லோமெதசோன் பம்ப். இழுப்பு நின்றதும் பலர் நிறுத்திவிடுவது இதைத்தான். வெளியே சுகமாகத் தெரிந்தாலும் உள்ளே வீக்கம் இருக்கும். அடுத்த இழுப்பு உயிருக்கே ஆபத்தாகலாம்.

“பம்ப் பழகிவிடும்”, “பெண்பிள்ளைக்குப் பம்ப் என்றால் கலியாணம் சரிவராது” என்று சொல்லி மருந்தை ஒளிக்கும் தாய்மாரும் உண்டு. பம்ப் போதைப்பொருள் அல்ல. மருந்தில்லாமல் மூச்சுக்குத் தவிக்கும் பிள்ளைக்குப் படிப்புமில்லை, உழைப்புமில்லை. அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்கில் காட்டுவதற்குக் கட்டணமில்லை. தனித்து நின்று குடும்பம் சுமக்கும் சகோதரிகளே, உங்கள் மூச்சையும் கவனியுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை:

- வெங்காயப் பிடிகளைப் படுக்கும் அறையில் தொங்கவிடாதீர்கள்.
- படுக்கை விரிப்புகளை வாரம் ஒருமுறை சுடுநீரில் தோய்த்து வெயிலில் காயவிடுங்கள்.
- நெடுநாள் பூட்டிக்கிடந்த வீட்டைத் துப்புரவாக்கும்போது தொய்வுள்ளவர் விலகி நிற்கட்டும். மற்றவர்கள் மூக்கையும் வாயையும் மூடிக்கட்டி, ஈரத்துணியால் துடையுங்கள்.
- விறகுப் புகை வெளியேற வழி செய்யுங்கள்.

ஒரு வசனத்தை முழுதாகப் பேசமுடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, விடியும்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.