பழைய மணிக்கூடு: மெய் எது, பொய் எது?

பழைய கைமணிக்கூடு ஒன்றை நீட்டி, “இஃது அசல்தானா?” என்று நம்மிடம் வினவுவோர் உளர். அவ்வொரு வினாவினுள் இரு வினாக்கள் அடங்கியிருத்தலை அவர்கள் எண்ணுவதில்லை. முகப்பிலே பெயர் பொறித்த நிறுவனந்தான் அதனைச் செய்ததா என்பது ஒன்று. செய்தபொழுது இருந்த உறுப்புக்களே இன்றும் அதில் உள்ளனவா என்பது மற்றொன்று. முதல் வினாவில் வென்ற மணிக்கூடு இரண்டாவதில் தோற்றுவிடுதல் கூடும்.

2021 நவம்பரில் ஜெனீவா நகரத்து ஏலமொன்றில், 1957 ஆம் ஆண்டிற்குரியதெனக் கூறப்பட்ட ஒமேகா ‘ஸ்பீட்மாஸ்டர்’ மணிக்கூடு ஒன்று விற்பனைக்கு வந்தது. அதன் கருமுகப்பு காலத்தாற் கபில நிறமாகியிருந்தது. சேகரிப்போர் பெரிதும் விரும்புவது அந்நிறமே. 80,000 முதல் 120,000 சுவிஸ் பிராங்க் வரை போகுமென மதிக்கப்பட்ட அது, 31 இலட்சத்திற்கு மேல் விலைபோயிற்று. வாங்கியது யாரெனின், ஒமேகா நிறுவனமே. தன் நூதனசாலையில் வைப்பதற்காக! 2023 இல் அந்நிறுவனமே உண்மையை அறிவித்தது. அம்மணிக்கூடு பெரும்பாலும் மெய்யான ஒமேகா உறுப்புக்களைக் கொண்டே, ஆயின் பிற்காலத்தில், சேர்த்து அமைக்கப்பட்டதாம். முன்னாள் ஊழியர் மூவர் அதில் தொடர்புற்றிருந்தனர் என்றும் நிறுவனம் கூறியது. இத்தகைய கலவையைச் சேகரிப்போர் ‘பிராங்கன்’ மணிக்கூடு என்பர். (பிராங்கன்ஸ்டைன் என்பது கதையிலே படைத்தவன் பெயர், படைக்கப்பட்ட உருவத்தின் பெயரன்று. மாணவர்கள் இதனை அடிக்கடி மாற்றி எழுதுகின்றனர்.)

செய்த நிறுவனமே ஏமாறுமாயின், நாம் எதைக் கொண்டு தெளிவது? பின்மூடியைத் திறப்பித்து, இயந்திரத்தின் தொடரிலக்கமும் கூட்டின் இலக்கமும் ஒரே காலத்தைக் காட்டுகின்றனவா என நோக்குதல் வழக்கம். நிறுவனப் பதிவேட்டுச் சான்றும் உதவும். எனினும், அவ்விலக்கமுடைய மணிக்கூடு எப்பொழுது செய்யப்பட்டது என்பதையன்றி, நம் கையிலிருப்பது முழுவதும் அதுவேதானா என்பதை அது சொல்லாது.

இவற்றினும் சுவையான சோதனை இருட்டறையில் உள்ளது. 1960 களின் தொடக்கம் வரை, இரவில் ஒளிரும் முட்களுக்கும் எண்களுக்கும் இரேடியம் கலந்த நாகச் சல்பைட்டைப் பூசினர். இரேடியத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறக்குறைய 1,600 ஆண்டுகள். ஆயினும் அதன் கதிர்கள் நாகச் சல்பைட்டைச் சில பத்தாண்டுகளிற் கெடுத்துவிடும். ஆகவே ஒளி அவிந்து போகும், கதிர்வீச்சோ ஓயாது. கைகர் கருவியை அருகே கொண்டு சென்றால் அது ‘டிக் டிக்’ என்று காட்டிக்கொடுக்கும். பின்னர் வந்த திரித்தியத்தின் அரைவாழ்வோ 12.3 ஆண்டுகளே. 1965 இல் பூசியது 60 ஆண்டுகளின் பின் ஏறக்குறைய முப்பத்திரண்டில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். திரித்தியம் பூசியவற்றின் முகப்படியில், ‘சுவிஸ்’ என்ற சொல்லின் அருகே ‘ரி’ என்னும் ஆங்கில எழுத்துப் பெரும்பாலும் காணப்படும். ஆகவே 1950 களின் மணிக்கூடு என ஒருவர் விற்பது இருளில் நெடுநேரம் பளிச்சிடுமாயின், அப்பூச்சுப் புதியதே. எண்களின் பூச்சு மஞ்சளித்திருக்க முட்களின் பூச்சு வெண்மையாக இருப்பினும் ஐயுறுக.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பழைய முகப்பை வீட்டிலே திறந்து சுரண்டலாகாது. இரேடியத் தூள் உடலினுட் செல்லுமாயின் எலும்பிலே தங்கிவிடும். அமெரிக்காவின் நியூ ஜேர்சியில், தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கி முகப்பெழுதிய இளம் பெண்கள் பலர், 1920 களில் தாடையெலும்பு அழுகி மாண்டனர்.

கூட்டின் விளிம்புகள் மெருகேற்றலால் மழுங்கியிருத்தல், எழுத்துக்கள் தடித்துக் கோணியிருத்தல் முதலியன கண்ணுக்கே தெரியும்.

ஆயின் மாற்றமெல்லாம் மோசடியா? அன்று. வில்லும் கண்ணாடியும் தேய்வன, மாற்றியே ஆகவேண்டும். மாற்றியதை மறைத்து விற்பதே மோசடி. பாட்டனார் அணிந்த மணிக்கூட்டின் முகப்பைப் புதிதாக எழுதித் தருகிறோம் என்பாரை நாம் ஏற்கமாட்டோம். மங்கிய முகப்பு அழிந்தால் மீளாது. திருத்தக் கொடுப்போர், கழற்றிய குமிழையோ வில்லையோ கேட்டு வாங்கிச் சிறு உறையிலிட்டு, திருத்திய ஆண்டையும் மேலே எழுதி மணிக்கூட்டுடன் வைத்துக்கொள்க.