நம் தெருவும் நம் கவுன்சிலரும்

தெருவிளக்கு மூன்று நாளாக எரியவில்லை. பாதாளச் சாக்கடை மூடி வழியாகக் கழிவுநீர் பொங்கி வாசல்படி வரை வந்துவிட்டது. குப்பைத் தொட்டி நிரம்பி வழிந்து நாய்கள் இழுத்துப் போடுகின்றன. சென்னை நகரில் இப்படி எது நடந்தாலும் அக்கம்பக்கத்தில் முதலில் எழும் கேள்வி, "கவுன்சிலர்கிட்ட சொன்னீங்களா?" என்பதுதான். அந்த நேரத்தில் சட்டமன்ற உறுப்பினரையோ நாடாளுமன்ற உறுப்பினரையோ யாரும் நினைப்பதில்லை. சாமானிய மனிதர் கையால் தொடக்கூடிய தூரத்தில் இருக்கும் ஒரே அரசு, வார்டு கவுன்சிலர்தான்.

ஆனால் இந்த மாமன்ற உறுப்பினரால் உண்மையில் என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாத காரணத்தால் சில வேளைகளில் அவர்மீது அநியாயமாகக் கோபப்படுகிறோம். இன்னும் சில வேளைகளில் அவர் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் எளிதாகத் தப்பவிட்டு விடுகிறோம். இதைச் சற்று நிதானமாகச் சிந்திப்பது நல்லது.

ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். அங்கே உள்ள தெருவிளக்கும், குப்பை அள்ளுவதும், மழைநீர் வடிகாலும், உட்புறச் சாலையும் மாநகராட்சியின் பொறுப்பு. அதே சாலைக்கு அடியில் ஓடும் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் மாநகராட்சியைச் சேர்ந்தவை அல்ல. 1978-ல் உருவாக்கப்பட்ட சென்னைக் குடிநீர் வாரியத்தின் கையில் உள்ளன. மின்கம்பமும் கேபிளும் மின்வாரியத்தின் பொறுப்பு. தெரு போய்ச் சேரும் பெரிய சாலை சில இடங்களில் நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தம். மாநகராட்சி சாலை போட்டு ஒரு மாதம் ஆகியிருக்காது, குடிநீர் வாரியம் குழாய் பதிக்கத் தோண்டும். அதை மூடிய பின் மின்வாரியம் தோண்டும். வீட்டுக் கழிவுநீர் இணைப்பைத் திருட்டுத்தனமாக மழைநீர் வடிகாலில் கொடுத்துவிட்டால், அடைப்பு யாருடையது என்று இரண்டு அலுவலகங்களும் ஒன்றையொன்று கைகாட்டும். (அந்தத் திருட்டு இணைப்பைக் கொடுத்தவர்கள் வேற்று ஊர்க்காரர்கள் அல்லர் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.)

இந்த அலுவலகங்களுக்கு நடுவே நின்று, ஒருவரைப் பிடித்து இன்னொருவரோடு பேச வைப்பவர்தான் கவுன்சிலர். உதவிப் பொறியாளருக்கு அவர் உத்தரவு போட முடியாது. கேட்கலாம், வற்புறுத்தலாம், மன்றக் கூட்டத்தில் எழுந்து பேசலாம். நிர்வாக அதிகாரம் முழுவதும் மாநில அரசு நியமிக்கும் ஐ.ஏ.எஸ். அதிகாரியான ஆணையரிடம் உள்ளது. மேயருக்கே அவ்வளவுதான் என்னும்போது உறுப்பினரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சிகளுக்கு வழங்கத்தக்க பணிகளாக 18 பணிகளைப் பட்டியலிட்டது. அவற்றில் எதை, எவ்வளவு வழங்குவது என்ற முடிவை மாநிலங்களிடம் விட்டுவிட்டது. மாநிலங்கள் தாராளமாக வழங்கவில்லை. மத்திய அரசு எங்கள் உரிமையைப் பறிக்கிறது என்று முழங்கும் மாநிலக் கட்சிகள், தமக்குக் கீழே உள்ள ஊராட்சிக்கும் மாநகராட்சிக்கும் உரிமை கொடுக்க மட்டும் ஏன் இவ்வளவு தயங்குகின்றன? எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் இந்தத் தயக்கம் மாறியதில்லை.

அதிகாரம் இவ்வளவு குறைவென்றால், கவுன்சிலர் இல்லாமலே போனால் என்ன நட்டம் என்று கேட்கத் தோன்றும். இதற்கு ஊகமாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை. சென்னை மக்கள் அனுபவித்தே அறிந்தார்கள்.

2011-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதமே நடக்கவிருந்த தேர்தலை, பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இரத்து செய்தது. பிறகு வார்டு மறுவரையறை, வழக்கு, மேல்முறையீடு, கால நீட்டிப்பு என்று ஒவ்வொன்றாக வந்தன. தனி அதிகாரி நியமிக்கப்பட்டார். மறுபடி தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல். ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக, நாட்டின் பெருநகரங்களில் ஒன்றான சென்னைக்கு ஒரு மேயர்கூட இல்லை.

அந்த இடைவெளியில் இந்த நகரம் எதையெல்லாம் கண்டது என்று எண்ணிப் பாருங்கள். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, குடங்களோடு மக்கள் தண்ணீர் லாரிக்காக நள்ளிரவு வரை காத்திருந்தார்கள். 2020-ல் கொரோனா வந்தது. தெருக்கள் தகரம் வைத்து அடைக்கப்பட்டன. 2021 நவம்பரில் தியாகராய நகர் போன்ற நகரின் மையப் பகுதிகளே வெள்ளத்தில் நின்றன. இத்தனைக்கும் நடுவில் ஒரு வார்டுக்கும் மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதி இல்லை. எந்தத் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரவில்லை, எந்த வீட்டில் தனியாக ஒரு முதியவர் முடங்கிக் கிடக்கிறார் என்று மண்டல அலுவலகத்துக்குப் போய்ச் சொல்ல, அதைச் சொல்லும் உரிமை பெற்ற ஒருவர் இல்லை. அதிகாரிகளில் பலர் உண்மையாகவே உழைத்தார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் அதிகாரி மூன்று ஆண்டில் மாற்றலாகிப் போகிறவர். மறுபடி ஓட்டுக் கேட்டு அதே சந்துக்குள் வர வேண்டியவர் அல்லர்.

இதில் யார் அதிகம் இழந்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குச் சங்கம் இருக்கிறது, அதன் செயலாளருக்கு அலுவலகத்தில் தெரிந்தவர் ஒருவர் இருப்பார், செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதத் தெரியும், 1913 எண்ணுக்குப் புகார் செய்து அதன் எண்ணைக் குறித்துவைத்துத் தொடர்ந்து கேட்கவும் தெரியும். புளியந்தோப்பிலோ காசிமேட்டிலோ ஒரு குறுகிய சந்தில் வாழும் குடும்பத்துக்கு இவை எதுவும் கைவசம் இல்லை. அவர்களுக்கு இருந்தது கவுன்சிலர் வீட்டுத் திண்ணை மட்டும். முதியோர் உதவித்தொகை மனு, இறப்புச் சான்றிதழ், ரேஷன் அட்டை என்று கவுன்சிலரின் நேரடி வேலையே இல்லாதவற்றுக்கும் அவர்கள் அங்கேதான் போவார்கள். கரையோரக் குடிசைகளிலிருந்து பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. மாநகராட்சி வார்டில் வாக்காளராக இருந்தவர்கள், அடுக்குமாடிக் கட்டடங்களோடு ஒரு கிராம ஊராட்சியின் எல்லைக்குள் போய்ச் சேர்ந்தார்கள். நகரம் அவர்களை வெளியே அனுப்பியபோது அவர்களுடைய கவுன்சிலரையும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது.

சரி, 2022-ல் தேர்தல் வந்தது. நாம் என்ன செய்தோம்? மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் வாக்களித்த அந்தத் தேர்தலில் சென்னையில் பதிவானது சுமார் 43 சதவீதம்தான். பத்து ஆண்டுகளுக்குப் பின் தெருவுக்கு ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வந்தபோது, நகரத்தில் பாதிக்கு மேற்பட்டோர் வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லை. 'யார் வந்தாலும் ஒன்றுதான்' என்கிறோம். ஆனால் வெற்றி தோல்வி சில நூறு வாக்குகளில் தீர்மானமாகும் தேர்தல் இது. நம் பங்கில் உள்ள இரண்டு மூன்று அன்பியங்களின் குடும்பங்கள் சேர்ந்தாலே அந்த எண்ணிக்கை வந்துவிடும். தேர்தல் முடிந்து இரண்டு மாதம் ஆவதற்குள், 2022 ஏப்ரலில், சொத்து வரி உயர்வு அறிவிக்கப்பட்டது. வீட்டின் பரப்பளவைப் பொறுத்து 25 முதல் 150 சதவீதம் வரை உயர்வு. வாக்களிக்கப் போகாதவர்களுக்கும் வரிச்சீட்டு வந்தது.

வேறொரு கணக்கும் உண்டு. 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. வார்டுகளோ 155-லிருந்து 200-ஆக மட்டுமே கூடின. அந்த ஆண்டுக் கணக்கெடுப்புப்படி பார்த்தாலே ஒரு வார்டுக்குச் சராசரி 33,000 பேர். இப்போது இன்னும் கூடியிருக்கும். பத்து இலட்சத்துக்கும் குறைவான மக்களைக் கொண்ட திருவனந்தபுரம் மாநகராட்சியில் 100 வார்டுகள் இருந்தன. அதாவது பத்தாயிரம் பேருக்கும் குறைவானவர்களுக்கு ஓர் உறுப்பினர். அங்கே கவுன்சிலருக்கு வீடு வீடாக மக்களைத் தெரிவது இயல்பு. சோழிங்கநல்லூர்ப் பக்கம் ஒரு வார்டில் அது நடக்கக்கூடிய காரியமா?

கவுன்சிலர்களின் நேர்மை பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. வீடு கட்ட வாசலில் மணல் இறக்கினாலே கட்சிக்காரர்கள் வந்து நிற்பார்கள், ஆழ்துளைக் கிணறு போட்டால் 'கவனிக்க' வேண்டும் என்பதெல்லாம் ஊரறிந்த பேச்சு. எல்லாரும் அப்படி என்று சொல்வது பாவம். யாருமே அப்படி இல்லை என்று சொல்வது பொய். இதற்கு ஒரு பின்னணி உண்டு. மாநகராட்சிக் கவுன்சிலர்களுக்கு மாத மதிப்பூதியம் என்று 10,000 ரூபாய் வழங்கும் அறிவிப்பு 2023-ல்தான் வந்தது. அதற்கு முன் கூட்டத்துக்கு வந்தால் தரப்படும் சிறு படிதான். காலை ஆறு மணிக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும், மழை பெய்தால் முழங்கால் தண்ணீரில் நிற்க வேண்டும், காதுகுத்து, கல்யாணம், சாவு எதையும் விடக் கூடாது. இத்தனைக்கும் சம்பளம் இல்லை என்றால், இந்தப் பதவிக்கு யார் வருவார்? ஏற்கெனவே வசதி உள்ளவர் வருவார்; இல்லையேல் வேறு வழியில் எடுத்துக்கொள்பவர் வருவார். நேர்மையான ஓர் ஆசிரியையோ ஆட்டோ ஓட்டுநரோ வரவே முடியாது. பத்தாயிரம் ரூபாயும் போதாது என்பதே நம் கருத்து. மக்கள் பணத்தை அவர்களுக்குக் கொட்டிக் கொடுப்பதா என்று சிலர் கோபப்படலாம். மறைமுகமாக நாம் கொடுத்துக்கொண்டிருப்பதை ஒருமுறை கூட்டிப் பார்த்தால் கோபம் தணியும்.

பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு 2016-ல் சட்டமானது. 2022 தேர்தலில் அது முதன்முறையாகச் சென்னையில் நடைமுறைக்கு வந்தது. 1950-களில் தாரா செரியன் சென்னையின் முதல் பெண் மேயரானார். 2022 மார்ச் 4-ல் ஆர். பிரியா முதல் தலித் பெண் மேயராகப் பொறுப்பேற்றார். மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஆனால் பல வார்டுகளில் 'கவுன்சிலர்' என்று கேட்டால் கவுன்சிலரம்மாவின் கணவரைக் காட்டுகிறார்கள். மனு கொடுக்கப் போகும் நாமும் அவரையே 'கவுன்சிலர் சார்' என்று அழைத்து வணக்கம் போடுகிறோம். அம்மாவிடம்தான் பேசுவோம் என்று நான்கு பேர் பிடிவாதமாக நின்றால் நிலைமை கொஞ்சமாவது மாறாதா?

மன்றம் இருந்தும் அது தன் கடமையைச் செய்ததா என்று கேட்க வேண்டிய வேளைகளும் வந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, வடசென்னைப் பகுதிகள் நாட்கணக்கில் நீரில் கிடந்தன. 2025 ஆகஸ்டில், ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள், அதிலும் மிகுதியாகப் பெண்கள், ரிப்பன் மாளிகை முன் 13 நாட்கள் அமர்ந்திருந்தார்கள். உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் நள்ளிரவில் கைது செய்யப்பட்டு அகற்றப்பட்டார்கள். கொரோனா நாட்களில் நம் வாசலுக்கு வந்து குப்பை அள்ளியவர்கள் இவர்கள். இவர்களை முகம் தெரிந்து, பெயர் சொல்லி அழைக்கக்கூடியவர்கள் வார்டு கவுன்சிலர்கள். அந்த முகங்களை நினைத்து மன்றத்தில் உரக்கப் பேசியிருக்க வேண்டியவர்களும் அவர்களே. கட்சிக் கட்டுப்பாடு என்ற ஒன்று இருக்கும்வரை கவுன்சிலர் வார்டின் பிரதிநிதியா, வட்டச் செயலாளரின் மறுபெயரா என்ற ஐயம் இருந்துகொண்டேதான் இருக்கும்.

இதற்கு மாற்றாகச் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. மூன்று இலட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்று 74-ஆவது திருத்தம் சொல்லியது. தமிழகத்தில் அதற்கான விதிகள் வர 2022 ஆயிற்று. கிராம சபை போல நகரத்துக்கு 'பகுதி சபை' என்று ஒன்று அமைக்கப்பட்டு, உள்ளாட்சி தினமாக அறிவிக்கப்பட்ட நவம்பர் 1-ல், 2022-ஆம் ஆண்டு முதல் கூட்டங்கள் நடந்தன. வார்டின் ஒரு பகுதியில் வாக்காளராக இருக்கும் எவரும் அங்கே போய் அமரலாம், வடிகாலைப் பற்றியும் விளக்கைப் பற்றியும் கேட்கலாம். அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்? அன்பியக் கூட்டத்துக்கு வரும் அதே இருபது பேர் பகுதி சபையிலும் உட்கார்ந்தால், கட்சிக்காரர்கள் மட்டும் நாற்காலியை நிரப்பும் நிலை இராது.

இதைப் பேச இப்போது ஒரு காரணம் உண்டு. 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிவதாகக் கணக்கு. காலம் முடியும் முன்பே தேர்தல் நடத்தியாக வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 243-யு பிரிவு. தேர்தல் ஆணையங்கள் சாக்குச் சொல்லித் தள்ளிப்போடக் கூடாது என்று 2006-ல் கிஷன்சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் பெங்களூரு மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்த பின் ஆண்டுக்கணக்கில் தேர்தல் இல்லை. மும்பை மன்றம் 2022 மார்ச்சில் முடிந்து, பல ஆண்டுகள் நிர்வாக அதிகாரியின் கையில் இருந்தது. தமிழகத்திலேயே 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சி அமைப்புகளின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தபோது தேர்தல் நடத்தப்படவில்லை. தனி அதிகாரிகளே நியமிக்கப்பட்டார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் 2027 பிப்ரவரிக்கென்று அறிவிக்கப்பட்டிருப்பதால், வார்டு மறுவரையறை என்ற பழைய காரணம் மீண்டும் கிளம்ப வாய்ப்பு அதிகம். 2016-ல் தள்ளிப்போனபோது கட்சிகள் வழக்காடின. தேர்தல் வேண்டும் என்று எந்தத் தெருவிலிருந்தும் மக்கள் குரல் பெரிதாக எழவில்லை.