ஏட்டைத் தொடாத ஆராய்ச்சி

கேரளப் பள்ளிகளில் தொடர் மதிப்பீட்டு முறை வேரூன்றி ஒரு தலைமுறை கடந்துவிட்டது. மாணவர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் செயல்திட்டமும் கருத்தரங்கக் கட்டுரையும் எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். திருவனந்தபுரத்தில் அத்தகைய ஏடொன்றைப் புரட்டுங்கள். அட்டை அழகியது, நன்றியுரை பணிவானது, கையெழுத்து முத்து முத்தானது. உள்ளே மட்டும் வரிக்கு வரி சதுர அடைப்புக்குறிக்குள் 3, 7, 12 என எண்கள் நிற்கின்றன. அவை சுட்டும் அடிக்குறிப்போ ஏட்டில் எங்கும் இல்லை. விக்கிப்பீடியாவில் கண்டதைக் கண்டவாறே பெயர்த்தெழுதிய கை, சான்றின் எண்ணையும் வாக்கியத்தின் உறுப்பென்றே எண்ணி எழுதிச் சென்றிருக்கிறது. கடைசிப் பக்கத்தில், ‘உதவிய நூல்கள்’ என்னும் தலைப்பின்கீழ் ஒரே ஒரு பெயர்.

இதற்காகக் கலைக்களஞ்சியத்தைப் பழிப்பது நம் கருத்தன்று. 2005இல் ‘நேச்சர்’ இதழ் 42 அறிவியல் கட்டுரைகளை வல்லுநரிடம் தந்து ஒப்பிடச் செய்தபோது, விக்கிப்பீடியாவில் கட்டுரைக்கு ஏறத்தாழ நான்கு பிழைகளும், பிரிட்டானிக்காவில் மூன்றும் காணப்பட்டன. பிரிட்டானிக்கா அம்முடிவை வன்மையாக மறுத்தது. அவ்வழக்கு இங்கு வேண்டா. விக்கிப்பீடியாவோ தன்னைச் சான்றாகக் கொள்ளலாகாது என்று தானே விதி வகுத்து வைத்திருக்கிறது. பிறர் கண்டதைத் தொகுப்பதே தன் பணி, புதிதாய் ஆராய்வதன்று என்று அது கூச்சமின்றிச் சொல்கிறது. அவ்விதியைப் பள்ளிதான் இன்னும் படிக்கவில்லை.

கலைக்களஞ்சியம் இந்நகருக்குப் புதியதும் அன்று. மலையாள மொழியின் ‘சர்வவிஞ்ஞானகோசம்’ இங்கிருந்தே உருவாகிறது. அதன் முதல் தொகுதி வெளிவந்தது 1972இல். தமிழில் பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து பத்துத் தொகுதிகளாக உருவாக்கிய கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954இல் வந்தது. அப்போது கேரளம் என்றொரு மாநிலமே இல்லை. நாகர்கோவில் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. அத்தொகுதியை நூலகத்தில் எடுக்கும் மாணவன் முதலில் பார்க்க வேண்டியது அச்சிட்ட ஆண்டை. அதைப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லித்தருவோர் எத்தனை பேர்?

கலைக்களஞ்சிய வரி ஒன்று எவ்வாறு பிறக்கிறது என்பதைக் காட்ட இந்நகரத்து வரலாற்றிலேயே தக்க சான்று உண்டு. திருஞானசம்பந்தரின் காலம் ஏழாம் நூற்றாண்டு என்று இன்று எந்தத் தொகுப்பு நூலும் ஒரு வரியில் கூறிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த வரி இவ்வாறு இல்லை. பேரறிஞர் கால்டுவெல், சம்பந்தர் வாதில் வென்று சைவத்துக்கு மீட்ட கூன்பாண்டியனை, மார்க்கோ போலோ குறிப்பிட்ட சுந்தர பாண்டியனாகக் கொண்டு, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வைத்தார். அவர் சொல்லுக்கு இருந்த மதிப்பு பெரிது. அக்கால மாணவன் ஒருவன் உயர்ந்த ஆதார நூலையே நாடியிருந்தாலும் அறுநூறு ஆண்டுப் பிழையைத்தான் எழுதியிருப்பான்.

அதனை எதிர்த்தவர் திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் தத்துவம் கற்பித்த பெ. சுந்தரம் பிள்ளை, ‘மனோன்மணீயம்’ தந்தவர். பெயர் ஒப்புமை ஒன்றையே பற்றிக்கொண்டு காலம் கணிப்பதை அவர் ஏற்கவில்லை. மூல நூல்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, எது எதனைக் குறிக்கிறது என்று பார்த்தார். சம்பந்தரைச் சுந்தரர் போற்றுகிறார்; சுந்தரரின் திருத்தொண்டத்தொகையை நம்பியாண்டார் நம்பி விரிக்கிறார்; அவ்விரண்டையும் கொண்டு சோழர் காலத்துச் சேக்கிழார் பெரியபுராணம் பாடுகிறார். இத்தனை படிகளுக்கும் அடியில் நிற்பவர் 13ஆம் நூற்றாண்டினர் ஆதல் எங்ஙனம்? முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டிலேயே திருப்பதியம் விண்ணப்பிப்போர்க்கு நிவந்தம் காணப்படுகிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பின்னே சம்பந்தரை இறக்க இயலாது என்று சுந்தரம் பிள்ளை முடிவு செய்தார். 1895இல் அவ்வாராய்ச்சி நூலாயிற்று. இன்று மாணவன் அரை நொடியில் கைப்பேசியில் பெறும் வரி, கல்லூரி ஆசிரியர் ஒருவர் ஏடுகளோடு கிடந்து வென்ற வழக்கின் தீர்ப்பு. தீர்ப்பை மட்டும் படித்தவனுக்கு வழக்கு தெரியாது.

தீர்ப்பு இன்னும் முடியாத வழக்கும் உண்டு. பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரையில் 1909இல் கிடைத்த மலையாள எழுத்து ஓலைச்சுவடியிலிருந்து தொடங்கி, த. கணபதி சாஸ்திரியார் பதின்மூன்று சமற்கிருத நாடகங்களைப் பண்டைய நாடகாசிரியன் பாசனுடையவை என்று கண்டு, 1912 முதல் திருவனந்தபுரம் சமற்கிருத நூல் வரிசையில் வெளியிட்டார். உலகமே வியந்தது. ஆனால் அச்சுவடிகளில் ஆசிரியர் பெயர் இல்லை. பாசனே ஆக்கியோன் என்பாரும், கேரளத்துக் கூத்துக் கலைஞரான சாக்கையர் மேடைக்கென மாற்றி அமைத்த வடிவங்கள் என்பாரும் நூறாண்டுக்கு மேலாக வாதிட்டு வருகின்றனர். ‘பாசன் எழுதிய நாடகங்கள் 13’ என்று ஏட்டில் எழுதும் மாணவனுக்கு முழு மதிப்பெண் கிடைக்கும். ‘பெயரில்லாத சுவடியை அவனுடையது என்று எப்படி அறிந்தார்கள்?’ என்று கேட்கும் மாணவனுக்கு நம் மதிப்பீட்டுப் படிவத்தில் கட்டம் இல்லை.

குறையின் வேர் இங்கேதான் உள்ளது. ‘திருவிதாங்கூர் வரலாறு பற்றிச் செயல்திட்டம் எழுதுக’ என்று ஆசிரியர் கட்டளையிட்டால், கலைக்களஞ்சியத்தைப் பெயர்த்தெழுதுவதே அறிவுடைமை. பதினான்கு அகவைப் பிள்ளை வேறென்ன செய்யும்? ‘உன் தெருவுக்கு அப்பெயர் எப்போது வந்தது, யாரைக் கேட்டறிந்தாய்?’ என்று வினவினால் எந்தக் களஞ்சியமும் கைகொடாது. சாலைக் கடைத்தெருவில் மூன்று தலைமுறையாய் வணிகம் செய்யும் தமிழ்க் குடும்பங்களின் பற்றுவரவு ஏடுகளும் கோயிற்சுவரின் கல்வெட்டும்தான் விடை தரும். மாநிலப் பள்ளிச் சமூக அறிவியல் விழாவில் உள்ளூர் வரலாறு எழுதுதல் ஒரு போட்டியாக உள்ளது. பள்ளிகள் தம் ஊர்ச் செய்திகளைத் தாமே எழுதிச் சேர்க்கப் ‘பள்ளிக்கூட விக்கி’யும் உண்டு. நெறி அறியாத நாடன்று இது. போட்டிக்குச் செல்லும் ஓரிருவர்க்கு அளிக்கும் பயிற்சியை வகுப்பறைக்கு அளிக்கவில்லை என்பதே நம் வருத்தம்.

இனிக் காலமும் குறைவு. இப்போது மாணவர் வினவும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பல, விடையை மட்டும் சரளமாகச் சொல்லிவிடுகின்றன; விக்கிப்பீடியாவின் பக்கத்திலாவது அந்தச் சதுர அடைப்புக்குறி எண்கள் இருந்தன.

ஆகவே மாநிலக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு இரண்டு செய்தல் வேண்டும். செயல்திட்ட மதிப்பெண்ணில் ஒரு பங்கை, மாணவன் தானே கண்டு அல்லது கேட்டுக் கொணர்ந்த ஒரு மூலச் சான்றுக்கென ஒதுக்குதல் வேண்டும். களஞ்சியத்தைப் படித்து, அது காட்டும் நூலைத் தேடிச் சென்றவனுக்கும் அப்பங்கு உரியது. ஆசிரியர் பயிற்சியில் சான்று மதிப்பிடலையும் கற்பித்தல் வேண்டும்.

எஞ்சியது ஆவணக் காப்பகத்தின் பொறுப்பு. பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஓலைகள் கோட்டைப் பகுதியில் உள்ளன; காரியவட்டத்தில் பல்கலைக்கழகத்தின் சுவடி நூலகம் இருக்கிறது; பாளையத்து மைய நூலகம் 1829 முதல் நிலைபெற்றது. நகரப் பேருந்தில் செல்லும் தொலைவுகள் இவை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை முற்பகலைப் பள்ளி மாணவர்க்கென ஒதுக்கி, வட்டெழுத்து படிக்கத் தெரிந்த அலுவலர் ஒருவரை அவர்களுடன் அமர்த்தப் புதிய சட்டம் வேண்டியதில்லை. துறைச் செயலரின் ஓர் ஆணை போதும். அது இக்கல்வியாண்டிற்குள்ளேயே வருதல் வேண்டும்.